அத்தை அளந்து வாங்கிய பெட்டி

கோபித்துக்கொண்டாவது ஒருமுறை வந்துவிட்டுப் போக மாட்டீர்களா என்று நான் ஏங்கும் என் அத்தைக்கு,

இங்குள்ள தமிழ்ச் சங்கத்து ஆண்டு இதழுக்கு உங்களைப் பற்றி அரைப் பக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். ஒரு போட்டோ, பிறந்த ஊர், பார்த்த உத்தியோகம், மலை மந்திர் முருகன் கோயிலில் செய்த கைங்கரியம், அவ்வளவு போதுமாம். உட்கார்ந்து, 'அன்பும் பொறுமையும் நிறைந்தவர்' என்று முதல் வரி எழுதினேன். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. உங்களுக்கா பொறுமை? கிழித்துப் போட்டுவிட்டு நேராக உங்களுக்கே எழுதுகிறேன். மற்றவர்கள் படித்தால் படித்துக்கொள்ளட்டும்.

முதலில் செய்தி. நம் கம்ப்யூட்டர் ஓடுகிறது. நாம் இரண்டு பேரும் பாகம் பாகமாகப் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்த கேமிங் கம்ப்யூட்டர், இப்போது கூடத்துச் சிமெண்ட் ஷெல்ஃபில் உட்கார்ந்து பச்சை விளக்கு காட்டிக்கொண்டிருக்கிறது. ஆனால் நீங்கள் ஆசைப்பட்ட கிராஃபிக்ஸ் கார்டு அதில் இல்லை. அதை நான்தான் எடுத்துவிட்டேன். ஏன் எடுத்தேன் என்று உங்களிடம் சொல்லாமல் எனக்கு நிம்மதி இல்லை. முழுக்கக் கேட்டுவிட்டுத் திட்டுங்கள்.

உங்களைத் தெரியாதவர்களும் படிப்பார்கள் என்பதால் கொஞ்சம் விவரம் சொல்லிவிடுகிறேன், பல்லைக் கடிக்காதீர்கள். அம்பாசமுத்திரத்திலிருந்து கல்யாணமாகி தில்லி வந்தவர் என் மாமியார் சண்முகவடிவு. மத்திய சர்க்கார் அலுவலகம் ஒன்றின் கொள்முதல் பிரிவில் சேர்ந்து, அங்கேயே ஓய்வு பெற்றவர். உத்தியோகக் காலம் முழுக்க லக்ஷ்மிபாய் நகர் க்வார்ட்டர்ஸ். ஓய்வு பெற்றால் அந்த வீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், அதுதான் சட்டம். மாமாவும் அதற்கு முன்பே போய்விட்டார். அப்படித்தான் நீங்கள் ஆர்.கே.புரத்தில் எனக்குக் கிடைத்திருந்த க்வார்ட்டர்ஸுக்கு வந்து சேர்ந்தீர்கள். உங்கள் மகன் சங்கருக்கு அஸ்ஸாமில் எண்ணெய் வயலில் வேலை. அவர் லீவில் வரும் நாட்கள் போக, வீட்டில் நீங்களும் நானும் மட்டும்.

வந்தீர்களே தவிர, வீட்டோடு ஒட்டவே இல்லை. டிரான்ஸ்ஃபர் உத்தரவுக்குக் காத்திருப்பவர் போலத்தான் இருந்தீர்கள். புடவையெல்லாம் சூட்கேஸிலேயே இருந்தது. பீரோவில் ஒரு தட்டைக் காலி செய்து வைத்தேன், "இருக்கட்டும்மா, எனக்கு இது சௌகரியம்" என்றுவிட்டீர்கள். அடுப்பில் பால் பொங்கினால்கூட, "தேனு, ஒங்க பால் பொங்குது" என்றுதான் குரல் வரும். ஃப்ரிட்ஜைத் திறக்கும் முன் என்னைப் பார்ப்பீர்கள். மரியாதைக்குக் குறைவில்லாமல் ஒரு வீட்டில் இரண்டு பேர் இருந்தோம்.

எல்லாவற்றையும் மாற்றியது அந்தப் பஸ்தான். சங்கர் லீவு முடிந்து போகும்போது பழைய லேப்டாப்பை விட்டுவிட்டுப் போனார். அதில் பஸ் ஓட்டும் விளையாட்டு ஒன்று இருந்தது. ஆயுசில் பாதியை தில்லி பஸ்ஸில் தொங்கிக்கொண்டே கழித்தவர் நீங்கள். நான் சும்மா திறந்து பார்த்தபோது, என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்று, "ஏட்டி, இத நான் ஓட்டலாமா?" என்று கேட்டீர்கள். என்னை நீங்கள் முதல்முறை உரிமையோடு 'ஏட்டி' என்று கூப்பிட்டது அன்றைக்குத்தான்.

அப்புறம் ஓட்டினீர்கள் பாருங்கள்! நான் பக்கத்தில் உட்கார்ந்து வரைபடத்தைப் பார்த்து லெஃப்ட், ரைட் சொல்ல வேண்டும். நீங்கள் ஒவ்வொரு நிறுத்தத்திலும் பஸ்ஸை அசையாமல் நிறுத்துவீர்கள். உங்களுக்காக எந்த தில்லி டிரைவரும் அப்படி நிறுத்தியதில்லை. திரையில் தூரத்தில் ஒரு பெண் நடந்து வந்தால் அவள் ஏறும்வரை கிளம்ப மாட்டீர்கள். நேரமாகிவிட்டது என்று சிவப்பு எழுத்து மின்னும், மதிப்பெண் குறையும். "அத்தை, ஜல்தி, பாயிண்ட் போகுது" என்று நான் கத்துவேன். "பாயிண்டு போனா போவுது. அவளுக்கு ஆபீசுல அட்டெண்டன்ஸ் போயிரும்லா?" என்பீர்கள்.

மலைப்பாதைதான் உங்களுக்கு உயிர். ஆனால் மலை வந்தால் அந்த லேப்டாப்புக்கு மூச்சு வாங்கும். கொண்டை ஊசி வளைவில் பஸ்ஸின் பாதி அந்தரத்தில் இருக்கும்போது திரை அப்படியே நின்றுவிடும். "தொங்குதுட்டி தேனு! சனமெல்லாம் உள்ள இருக்கு!" என்று நீங்கள் நிஜமாகவே பதறுவீர்கள். அப்படித்தான் கேமிங் கம்ப்யூட்டர் ஆசை வந்தது. மழை பெய்யும்போது மலைப்பாதை எப்படி இருக்கும் என்று தெளிவாகப் பார்க்க வேண்டும் உங்களுக்கு.

ரெடிமேடாகவே வாங்கிவிடலாம் என்று நான் சொன்னேன். "உள்ள என்ன கெடக்குன்னு தெரியாத சாமானை நான் சர்வீசுல ஒருநாளும் பாஸ் பண்ணுனதில்ல" என்றீர்கள். அதோடு பேச்சு முடிந்தது.

கொள்முதல் பிரிவுக்காரர் கம்ப்யூட்டர் வாங்கினால் எப்படி வாங்குவார்? ஒவ்வொரு பாகத்துக்கும் தனித்தனியாக விசாரணை, ஒவ்வொன்றுக்கும் மூன்று கடை, மூன்றிலும் சிறந்ததற்கு உங்கள் சிபாரிசு, கீழே என் சம்மதம். பிராசசரை ஒரு வாரம் ஆராய்ந்தோம். மதர்போர்டை அடுத்த வாரம். ரேமை அதற்கடுத்த வாரம். கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த நேரு பிளேஸில், கடைக்காரர் முன்னால் நீங்கள் கம்பீரமாக உட்கார்ந்து பட்டியலை வாசித்தீர்கள். அவர் முழுக்கக் கேட்டுவிட்டுக் கையைக் கூப்பினார். "மாதாஜி, ஒவ்வொண்ணும் ஏ-ஒன் சாமான். லேகின் இந்த பிராசசர் இந்த போர்டில் உட்காராது. இந்த ரேம் அந்த ஸ்லாட்டில் ஏறாது. அலக் அலக் சப் அச்சா, சாத் மே குச் நஹி" என்றார். தனித்தனியாக எல்லாம் நல்லது, சேர்த்தால் ஒன்றும் வேலைக்கு ஆகாது.

மெட்ரோவில் ஏறி ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தீர்கள். அவமானமாகிவிட்டதோ என்று எனக்குப் பயம். இரண்டு ஸ்டேஷன் கழித்துத் தானாகச் சிரிக்க ஆரம்பித்தீர்கள். "எங்க செக்ஷன்ல ஒருதடவ நாற்காலிக்கு ஒரு டெண்டர், மேஜைக்கு ஒரு டெண்டர் போட்டோம்ட்டி. ரெண்டும் நல்ல சாமான். நாற்காலிக் கை மேஜைக்கு அடியில போகல. ரிட்டயர் ஆகுற வரைக்கும் நாங்கல்லாம் ஒருச்சாஞ்சு ஒக்காந்துதான் எழுதினோம்." சொல்லிச் சொல்லிச் சிரித்தீர்கள். எதிரில் இருந்த பஞ்சாபி அம்மாள் விஷயம் தெரியாமலே கூடச் சிரித்தார்.

அதற்குப் பிறகு முறை மாறியது. முதலில் போர்டு எது என்று முடிவு செய்தோம். அதில் உட்காரக்கூடிய பிராசசரை மட்டும் பார்த்தோம், அது ஏற்கும் ரேமை மட்டும் எடுத்தோம். பவர் சப்ளைக்குச் சக்தி போதுமா என்று இரண்டு பேரும் தனித்தனியாகக் கூட்டி, விடை ஒன்றாக வந்ததும்தான் ஒத்துக்கொண்டீர்கள். சாப்பாட்டு மேஜையில் நாம் போட்ட சண்டைகளைக் கேட்டு, கீழ் வீட்டு மிஸ்ராஜியின் மனைவி மாமியாருக்கும் மருமகளுக்கும் ஆகவில்லை போல என்று என்னிடம் பரிதாபப்பட்டார். நான் மறுத்துச் சொல்லவில்லை.

இப்போது பெட்டிக்கு வருகிறேன். எல்லாப் பாகங்களையும் உள்ளே பொருத்தும் கேபினட் எது வாங்கலாம் என்று பேசிக்கொண்டிருந்த ஒரு சாயங்காலம். நான் ஆபீஸிலிருந்து வந்து கதவைத் திறக்கிறேன். கூடத்துச் சுவரில் பதித்த சிமெண்ட் ஷெல்ஃபின் நடுத்தட்டு காலியாக இருக்கிறது. எனக்குக் கல்யாணத்துக்கு வந்த பொம்மைகள், கண்ணாடித் தாஜ்மஹால், எல்லாம் தரையில். நீங்கள் ஸ்டூலில் ஏறி நின்று, ஈரத்துணியால் தட்டைத் துடைத்துவிட்டு, தையல் டேப்பால் அகலமும் உயரமும் ஆழமும் அளந்துகொண்டிருக்கிறீர்கள். திரும்பிக்கூடப் பார்க்காமல், "பெட்டி இங்ஙனதான் இருக்கணும். இந்தத் தாஜ்மஹால எங்கயாவது கொண்டு போய் வையி, ஒரே தூசி" என்றீர்கள்.

என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா அத்தை? செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றேன். மறுநாள் அந்த அளவுக்குள் அடங்குகிற சின்னப் பெட்டியை நீங்களே தனியாகப் போய் வாங்கி வந்தீர்கள். நம் வீட்டுக்கென்று நீங்கள் வாங்கிய முதல் சாமான் அதுதான். அதே வாரம் உங்கள் புடவைகளும் பீரோவுக்கு வந்துவிட்டன. நான் அதைக் கவனித்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை.

மே மாத வெயில் எப்படியும் வரும், மூன்று பக்கமும் சிமெண்ட் அடைத்த இடத்தில் பெட்டி வெந்துவிடும் என்று, முன்பக்கம் கூடுதலாக ஒரு ஃபேன் மாட்டச் சொன்னதும் நீங்கள்தான். கடைசியாக, திரையில் படத்தைத் தீட்டும் கிராஃபிக்ஸ் கார்டு. மழை தெரிய வேண்டும், மலை தெரிய வேண்டும் என்று பெரிய கார்டாகப் பார்த்து ஆர்டர் போட்டீர்கள். பெட்டிக்கு எவ்வளவு நீளம் வரை கார்டு பிடிக்கும் என்றும் பார்த்தோம், சரியாகத்தான் இருந்தது. கார்டு ஸ்டாக் வரத் தாமதமாகும் என்றார்கள்.

தை பிறந்த சமயம், மூடுபனி விலகாத ஒரு காலையில், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தீர்கள். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. அதற்கு மேல் அதை எழுத என்னால் முடியாது.

காரியமெல்லாம் முடிந்து, சங்கரும் அஸ்ஸாமுக்குத் திரும்பிய பிறகு ஒருநாள் மணி அடித்தது. வாசலில் கூரியர்காரர். "சண்முகவடிவு ஜி?" என்று தட்டுத்தடுமாறி உங்கள் பெயரை வாசித்தார். உங்கள் போனுக்கு ஒரு ஓ.டி.பி. வரும், சொல்லுங்கள் என்றார். உங்கள் போனை நான் அணைக்கவில்லை, சார்ஜ் போட்டுத்தான் வைத்திருந்தேன். பூஜை ஷெல்ஃபுக்குப் பக்கத்தில் அது டிங் என்றது. உங்களுக்கு வந்த எண்ணை நான் வாசித்தேன், அவர் கார்டைக் கொடுத்துவிட்டுப் போனார். அதை மடியில் வைத்துக்கொண்டு வாசற்படியிலேயே உட்கார்ந்து அழுதேன். மிஸ்ராஜியின் மனைவிதான் வந்து உள்ளே கூட்டிக்கொண்டு போனார்.

வெயில் காலம் வரும்வரை எதையும் தொடவில்லை. போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், நாம் பார்த்து வைத்த வீடியோக்களை மறுபடி ஓடவிட்டு, சாப்பாட்டு மேஜையில் எல்லாவற்றையும் பரப்பினேன். பிராசசரை வைத்துக் கொக்கியை அழுத்தும்போது முறிகிற மாதிரி சத்தம் கேட்டு, உடைந்தேபோச்சு என்று கண்ணை மூடிக்கொண்டேன். உடையவில்லை. ரேம் டக்கென்று உட்கார்ந்தது. ஒவ்வொன்றும் அதனதன் இடத்தில் போய்ச் சேரும்போது, பார்த்தீர்களா அத்தை என்று வாய்விட்டே சொன்னேன். கடைசியில் உங்கள் கார்டை எடுத்தேன்.

அது உள்ளே போகவில்லை. முனை போய் முன்பக்க ஃபேனில் இடித்தது. சுண்டுவிரல் கனம்தான் இடம் போதவில்லை. பெட்டிக்குச் சொன்ன நீளம், கூடுதல் ஃபேன் மாட்டாத போது இருக்கும் நீளம். அதை நீங்களும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை.

மறுநாள் அரை நாள் லீவு போட்டு, பெட்டியையும் கார்டையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு நேரு பிளேஸ் போனேன். அதே கடைக்காரர். "மாதாஜி நஹி ஆயி?" என்றார், அம்மா வரவில்லையா என்று. சொன்னேன். எனக்கு டீ வரவழைத்தார். அப்புறம் பெட்டியைத் திறந்து பார்த்தார். ஃபேனைக் கழற்றினால் கார்டு போகும், ஆனால் ஷெல்ஃபுக்குள் வைத்தால் வெயில் காலத்தில் தாங்காது என்றார். "பெட்டியை மாத்திடுங்க மேடம். டிப்பா ஹீ தோ ஹை" என்றார்.

வெறும் பெட்டிதானே! அவர் மேல் தப்பில்லை. ஆனால் பெரிய பெட்டி நீங்கள் அளந்த ஷெல்ஃபில் ஏறாது. எங்காவது தரையில், மேஜைக்கு அடியில் கிடக்கும். தட்டு மறுபடி காலியாகும். அங்கே எதை வைப்பேன்? தாஜ்மஹாலையா?

கடைக்கு வெளியே படிக்கட்டில் உட்கார்ந்தேன். நீங்கள் இருந்தால் என்ன சொல்வீர்கள் என்று யோசித்துப் பார்த்தேன். "மழை தெரியாத பஸ்ஸு என்னத்துக்குட்டி?" என்று உங்கள் குரல் கேட்டது. "நான் அளந்து வச்ச எடத்துல இன்னொண்ணா?" என்றும் உங்கள் குரல்தான் கேட்டது. இரண்டும் அச்சு அசலாக நீங்கள்தான். உங்களோடு நான் எத்தனையோ சண்டை போட்டிருக்கிறேன், நீங்கள் இல்லாமல் சண்டை போடுவது இதுதான் முதல் தடவை. எதிர்த்துப் பேச ஆள் இல்லாமல் எப்படி ஒரு முடிவுக்கு வருவது, சொல்லுங்கள்?

எழுந்து உள்ளே போய், இந்தக் கார்டை நீங்கள் எடுத்துக்கொண்டு இந்தப் பெட்டிக்குள் போகிற குட்டைக் கார்டு ஒன்றைக் கொடுங்கள் என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "மேடம், உலகத்துல எல்லாரும் கார்டுக்காகப் பெட்டியை மாத்துவாங்க. பெட்டிக்காகக் கார்டை மாத்துற முதல் கஸ்டமர் நீங்கதான்" என்றார். நன்றாக யோசித்துவிட்டீர்களா என்று இரண்டு முறை கேட்டார். தலையாட்டினேன். உங்கள் கார்டு கவுண்டருக்கு அந்தப் பக்கம் போனது.

சங்கரிடம் போனில் சொன்னேன். கத்தினார். "பாகல் ஹோ க்யா தேனு? பைத்தியமா ஒனக்கு? அம்மா அந்தக் கார்டுக்கு எத்தன நாளு காத்துக் கெடந்தா! பெட்டிய தூக்கிப் போட வேண்டியதுதான? அம்மா இருந்தா அதத்தான் செஞ்சிருப்பா. அந்த ஷெல்ஃபே எத்தன நாளைக்கு? நம்ம செக்டரையே இடிக்கப் போறாங்கன்னு பேச்சு அடிபடுதுன்னு நீதான சொன்ன?"

"இடிக்கும்போது பாத்துக்கலாம்" என்றேன். பிறகு, நீங்கள் ஸ்டூலில் ஏறி அளந்த சாயங்காலத்தைச் சொன்னேன். என் பொம்மைகளை என்னைக் கேட்காமல் இறக்கி வைத்ததைச் சொன்னேன்.

"லக்ஷ்மிபாய் நகர காலி பண்ணப்புறம், அம்மா எங்கயும் ஒரு சாமான எடுத்து வச்சு நான் பாத்ததில்ல" என்றார். மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. உடனே, "ஆனாலும் கார்டு கார்டுதான்" என்றார். உங்கள் பிள்ளைதானே, விட்டுக்கொடுப்பாரா?

அவர் சொல்வதும் சரியாக இருக்கலாம். குட்டைக் கார்டுக்கு மழை சரியாகப் பெய்யத் தெரியவில்லை. வெறும் கோடு கோடாக விழுகிறது. தூரத்து மலை டிசம்பர் மாத தில்லி மாதிரி மங்கலாக நிற்கிறது. ஆனால் கொண்டை ஊசி வளைவில் திரை நிற்பதில்லை, யாரும் அந்தரத்தில் தொங்குவதில்லை. நான்தான் ஓட்டுகிறேன். நடைபாதையில் ஏற்றிவிடுகிறேன், கம்பத்தில் இடிக்கிறேன். பக்கத்து நாற்காலி காலி. எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். உங்களுக்கு அந்த மழையைக் காட்டியிருக்க வேண்டும் அத்தை. அந்தப் பெரிய கார்டு ஒரு மாதம் முன்னால் வந்திருக்கக்கூடாதா? இடிப்பது அன்றே தெரிந்திருக்கும். நாம் இரண்டு பேரும் மூன்று நாள் சண்டை போட்டிருப்போம், நான் தோற்றிருப்பேன்.

ஒன்றை மட்டும் இன்னும் சங்கரிடம்கூடச் சொல்லவில்லை. முதன்முதலில் பொத்தானை அழுத்தியபோது ஃபேன்கள் சுற்றின, திரை வெளிச்சமானது. கொஞ்ச நேரம் ஏதேதோ செய்துவிட்டு, இந்தக் கம்ப்யூட்டரை யார் பயன்படுத்தப் போகிறார்கள், பெயர் என்ன என்று கேட்டது. நான் கீபோர்டில் கையை வைத்தபடியே யோசித்தேன். க்வார்ட்டர்ஸ் அலாட்மெண்ட் என் பெயரில். கேஸ், கரண்ட், வாசலில் மாட்டிய பலகை, எல்லாம் என் பெயர். உங்கள் பெயர் இந்த வீட்டில் எதிலும் இல்லை.

சண்முகவடிவு என்று தட்டினேன்.

இப்போது தினமும் ஆபீஸிலிருந்து வந்ததும் அதைத்தான் முதலில் ஆன் செய்கிறேன். திரையில் உங்கள் பெயர் வருகிறது. அதற்குக் கீழே 'வெல்கம்' என்று வருகிறது. கொஞ்ச நேரம்தான், உடனே மறைந்துவிடும். மறையும்வரை நின்று பார்த்துவிட்டுத்தான் கைப்பையைக் கீழே வைக்கிறேன்.

இந்தப் பெயரை மாற்ற மாட்டேன் அத்தை. செக்டரை இடிக்கட்டும், எனக்கு வேறு க்வார்ட்டர்ஸ் வரட்டும், ரிட்டயர் ஆகி அதையும் நான் திருப்பிக் கொடுக்கட்டும். எந்த ஊரில் எந்தச் சுவரோரமாக இதை வைத்து ஆன் செய்தாலும் முதலில் உங்கள் பெயர்தான் வரும். சத்தியம்.

உங்கள் வீட்டிலிருந்து,
உங்கள் மருமகள்
தேன்மொழி